குரலைக் கொடுத்தவளும் மந்திரம் பெற்றவளும்

கடற்கன்னிக் கதைகளில் எவற்றைப் படிக்கலாம் என்று மாணவர் ஒருவர் கேட்டால், கல்விப்புலத்தில் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒரு சிறு புன்னகை. அத்தகைய கதைகள் சிறார்க்கும் பொழுதுபோக்குக்கும் உரியவை, முதுகலை வகுப்பில் அவற்றுக்கு இடமில்லை என்பது அப்புன்னகையின் பொருள். இரண்டாவது, பேச்சை மாற்றும் ஒரு பரிந்துரை: ‘செம்மீன்’ படியுங்கள், ‘கடல்புரத்தில்’ படியுங்கள், ‘ஆழி சூழ் உலகு’ படியுங்கள். மூன்றும் தவறாது படிக்க வேண்டிய படைப்புகளே. ஆயினும் அவை அந்தக் கேள்விக்கு விடையாகத் தரப்படுவதில்லை. கேட்டவரின் ரசனையைத் திருத்துவதற்காகத் தரப்படுகின்றன.

திருத்தப்பட்ட மாணவர் அமைதியாகத் திரும்பிச் சென்று, கைப்பேசியில் ஆங்கிலப் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்கிறார். அப்பட்டியல் ஆண்டர்சனில் தொடங்கி, டிஸ்னி வழியாக, அமெரிக்க இளையோர் நாவல்களில் முடிகிறது. இவ்வாறு ஒருபுறம் கற்பனை மட்டுமே கொண்ட ஆங்கில அலமாரியும், மறுபுறம் யதார்த்தம் மட்டுமே கொண்ட இந்திய மொழி அலமாரியும் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழி இல்லை. இந்தப் பிரிவினை பொய்யானது, அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் இளம் வாசகர்கள், குறிப்பாகப் பெண் வாசகர்கள் என்பதே இப்பதிவின் வாதம்.

வாதத்தைத் தொடங்க மட்டாஞ்சேரியை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் கடல்வாயைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. அந்த வாயின் உட்கரையில் வளர்ந்த ஊர் மட்டாஞ்சேரி. மிளகும் இஞ்சியும் கப்பலேறிய இந்தச் சில சதுர கிலோமீட்டர் பரப்பில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் பேசப்படுகின்றன. அவற்றுள் கடலை ஒட்டிய வணிகத்தாலோ, அவ்வணிகத்தை நடத்தியவர்களாலோ இங்கு வந்து சேர்ந்தவை பல. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், டச்சுக்காரர் தம் படையினரின் உடைகளை வெளுக்க அழைத்து வந்தவர்களின் வழிவந்தவை என்று சொல்லப்படுகிறது.

இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கின்றனர். தமிழ் அவர்களுக்கு வாயில் உண்டு, கண்ணில் இல்லை. பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. கல்லூரிக்குச் செல்லும் ஒரு பெண் கடற்கன்னிக் கதைகளை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் படித்திருக்கக்கூடும். தன் தாய்மொழியில் கடலைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிந்திருக்கமாட்டாள். 1579இல் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் அச்சேறியது இதே கொச்சியில்தான் என்பதை நினைக்கும்போது, இந்நிலையின் முரண் இன்னும் கூர்மையாகிறது.

அந்நூலைத் தந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். முந்தைய ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலும் அவருடையதே. முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வாழ்ந்து, கடற்கரை மக்களின் தமிழைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதியவர் அவர். கடற்கன்னிகளின் வரலாற்றிலும் ஹென்றிக்கஸ் என்றொரு பெயர் வருகிறது. 1560இல் மன்னார் அருகே மீனவர் வலையில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மாந்தர் அகப்பட்டதாகவும், கோவா வைஸ்ராயின் மருத்துவர் அவ்வுடல்களை அறுத்துப் பார்த்து, உள்ளமைப்பு மனிதருடையதைப் போன்றதே என்று கூறியதாகவும் ஒரு செய்தி ஐரோப்பிய நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. அதன் சாட்சிகளாக இயேசு சபையினர் சிலரைக் குறிப்பிடும் நூல்கள் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் பெயரையும் சொல்கின்றன.

அகப்பட்டவை ஆவுளியாக்களாக, அதாவது கடற்பசுக்களாக இருந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான விளக்கம். கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பாலூட்டி வாழும் இவ்விலங்கைக் காப்பதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. இங்குக் கவனிக்க வேண்டியது விலங்கியல் பிழையன்று. வலையிழுத்தவர்கள் அவ்வுயிரை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்னும் செய்தி பரவலாக எடுத்தாளப்பட்ட அந்தக் குறிப்பில் இல்லை. மருத்துவரின் கத்தி பேசுகிறது, மீனவரின் நாக்கு பேசவில்லை. கடலில் இருந்து வருபவளின் உடலை நோக்கும் ஆர்வமும், அவளோடு தொடர்புடையோரின் மொழியைக் கேட்காத அலட்சியமும் அப்பொழுதே கைகோத்துவிட்டன.

ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட ‘குட்டிக் கடற்கன்னி’ கதையை இந்தப் பின்னணியில் மீண்டும் படிக்கலாம். கரைக்கு வர விரும்பும் கடற்கன்னி கால்களைப் பெறுவதற்குத் தன் நாக்கையே சூனியக்காரிக்குக் கொடுக்கிறாள். நடக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போல் வலிக்கிறது. இளவரசனைக் காப்பாற்றியவள் அவளே. ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. அவன் வேறொருத்தியை மணக்கிறான். 1989இன் டிஸ்னி திரைப்படம் அவளுக்குக் குரலையும் திருமணத்தையும் திருப்பித் தந்தது. ஆயினும் அதிலும் கதையின் அச்சு மாறவில்லை: நீரைக் கடக்க விரும்பும் பெண் முதலில் அடகு வைக்க வேண்டியது தன் குரலை. மொழியை இழந்து கால் பெறுதல் என்பது மட்டாஞ்சேரியின் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு உருவகம் மட்டுமன்று. பள்ளியில் நிற்கக் கால் கிடைத்தது, வீட்டு மொழியின் எழுத்து போயிற்று.

இக்கதையைச் சிறார்க்கதை என்று ஒதுக்குவோர், அதன் மையத்தில் உள்ள இந்தப் பண்டமாற்றைக் கவனிப்பதில்லை. கடலைக் கடப்பவளிடமிருந்து கதை எதைப் பறிக்கிறது, அவளுக்கு எதைக் கொடுக்கிறது என்னும் கேள்வியைக் கடல் சார்ந்த எந்தப் புனைவிடமும் கேட்கலாம். பரிந்துரைப் பட்டியலுக்கு இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை. இக்கேள்வியுடன் தமிழ் மரபுக்குள் நுழைந்தால் எதிர்பாராத விடை கிடைக்கிறது.

தொல்காப்பியம், கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று விதிக்கிறது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். ஆகவே அகப்பாடல் மரபில் பெண் கரையில் நிற்பவள், அலையோடும் நண்டோடும் பேசுபவள், காத்திருப்பவள். ஆண் கடலைக் கடக்க நாவாய் இருந்தது. பெண்ணுக்கு இலக்கணமே தடையாக இருந்தது. அத்தடையை மீறிக் கடலைக் கடந்தவள் மணிமேகலை. அவளை எந்தக் கப்பலும் ஏற்றிச் செல்லவில்லை. கடல் தெய்வமான மணிமேகலா தெய்வம் புகாரிலிருந்து அவளைத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் இறக்கியது.

அங்கே நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஆண்டர்சன் கதையின் நேர் எதிர்த்திசையில் செல்கிறது. தெய்வம் மணிமேகலையிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. ஒருத்தி நாக்கைக் கொடுத்துக் கால் பெற்றாள். மற்றொருத்தி சொல்லைப் பெற்று வான்வழியே கடல் கடந்தாள். பின்னர் அவள் சாவகம் வரை செல்வதும் அச்சொல்லின் துணையால்தான். மணிமேகலை கடற்கன்னி அல்லள் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் மறுக்கலாம். உருவத்தால் அல்லள் என்பது உண்மை. ஆனால் இலக்கணம் மறுத்த பயணத்தைப் பெண்ணுக்கு வழங்கியது மிகுபுனைவே என்பதும் உண்மை. யதார்த்த மரபு அவளைக் கரையில் நிறுத்தியது. அதிசயம்தான் அவளுக்குக் கடவுச்சீட்டு ஆயிற்று.

அதே காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவனின் கிளைக்கதையும் உண்டு. கப்பல் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கம் கரை ஒதுங்குகிறான் அவன். நரமாமிசம் உண்ணும் அந்நாகர் அவனைக் கொல்லாமல் விட்டதற்குக் காரணம், அவனுக்கு அவர்களுடைய மொழி தெரிந்திருந்தது. மொழியியல் மாணவர் எவரும் மகிழ்ந்து படிக்கத்தக்க கடற்கதை இது. இன்னொரு கிளைக்கதையின் நாயகி நாகநாட்டு இளவரசி பீலிவளை. கடலுக்கு அப்பாலிருந்து வந்து புகாரில் சோழ மன்னனைக் கூடி, சொல்லாமல் மறைந்துபோகிறாள். பின்னர் அவள் கப்பலில் அனுப்பிய குழந்தை கடலில் தொலைய, அத்துயரில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. நீர்நாட்டுப் பெண்ணும் நிலத்து அரசனும் கூடிப் பிரியும் ஐரோப்பியக் கதைகளைத் தேடிப் படிப்போருக்குப் பீலிவளையைப் பற்றி யாரும் சொல்லித்தராதது வியப்புக்குரியது.

மணிமேகலா தெய்வம் தமிழோடு நின்றுவிடவில்லை. பாலி மொழியின் மகாஜனக ஜாதகத்தில் கடலில் தத்தளிக்கும் இளவரசனைக் காப்பவள் அவளே. தாய்லாந்தில் கையில் மணி ஏந்தி மின்னலாய் ஒளிர்பவளும் அவளே. தாய்லாந்தின் இராமகதையில் வேறொரு கடல்மகளும் உண்டு. சுவண்ணமச்சா என்னும் பொன்மீன் மகள், இராவணனின் மகள். அணை கட்டும் கற்களைத் தன் மீன்படையைக் கொண்டு அகற்றச் செய்கிறாள், அனுமனைக் காதலிக்கிறாள், மச்சானு என்னும் மகனைப் பெறுகிறாள். மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயண ஓவியங்களைக் காணச் செல்லும் மாணவர், அதே கதை கடல் கடந்தபோது அதற்குள் ஒரு கடற்கன்னி பிறந்தாள் என்பதை அறிந்திருந்தால் அச்சுவர்கள் வேறுவிதமாகத் தெரியும்.

சொல்லாட்சியையும் கவனிக்க வேண்டும். இன்று பரவலாக வழங்கும் ‘கடற்கன்னி’ என்னும் சொல் அவளைக் கன்னியாக, மணத்துக்குக் காத்திருப்பவளாக முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் மலையாளத்தின் ‘மத்ஸ்யகன்யக’வும் அதையே செய்கின்றன. தமிழில் ‘நீரரமகளிர்’ என்னும் பழஞ்சொல் உண்டு. நீரில் உறையும் தெய்வப்பெண்கள் என்பது அதன் பொருள். அதில் மண வயதுமில்லை, மீன்வாலுமில்லை. சுவாமி விபுலாநந்தர் அச்சொல்லை மீட்டெடுத்தார். மட்டக்களப்பு வாவியில் நிலவு நாட்களில் கேட்கும் இசையொலியை மக்கள் மீன் பாடுவதாகச் சொல்வர். அவ்வொலியை அவர் நீரரமகளிரின் இன்னிசையாகப் பாடினார். பழந்தமிழ் இசையையும் கருவியையும் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டவர் அவர். நீர்மகளிரின் கற்பனையை ஆராய்ச்சிக்குப் பகையென அவர் கருதவில்லை. மிகுபுனைவைக் கண்டு புன்னகைக்கும் இன்றைய கல்விப்புலம் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, யதார்த்த அலமாரி. தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் வேரூன்றியது. கடலுக்குச் சென்றவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது, தவறினால் கடலம்மை பழிவாங்குவாள் என்பது அந்நாவல் இயங்கும் நம்பிக்கை. முடிவில் பழனி சுறாவோடும் சுழலோடும் போராடி மறைகிறான். கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் கரையில் பிணமாய்க் கிடக்கின்றனர். தெய்வம் பழிவாங்கும் ஒரு கதையை யதார்த்தம் என்றும், தெய்வம் மந்திரம் கற்பிக்கும் கதையை மிகுபுனைவு என்றும் வகைப்படுத்துவது எதனால்? முன்னதில் பெண் கரையில் நிற்கிறாள், பின்னதில் கடக்கிறாள் என்பதாலா? தொல்காப்பிய விதியின் நீண்ட நிழல் ‘செம்மீன்’ வரை விழுகிறது. அந்நாவலின் ஆற்றலைக் குறைப்பதற்காக இது சொல்லப்படவில்லை. கடற்கன்னிக் கதைகளோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் கடலம்மை முழுமையாகப் புலப்படுவாள்.

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகிய நாவல்களை அளவுகோலின் மறுமுனையில் வைக்கலாம். அவை கடற்கரையின் பேச்சுமொழியை, தொழிற்சொல்லை, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர் இட்ட பெயர்களை அச்சில் நிறுத்தின. 1560இன் குறிப்பில் கேட்காமல் போன நாக்கு இங்கே கேட்கிறது.

அயல்மொழிப் பட்டியலையும் இதே கேள்வியால் சலிக்கலாம். மோனிக் ரோஃபியின் ‘பிளாக் காங்க் தீவின் கடற்கன்னி’ (2020) கரீபியன் கடலில் தூண்டிலில் சிக்கும் அய்கயியா என்பவளின் கதை. சபிக்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் நீரில் கிடந்த தொல்குடிப் பெண் அவள். கரையில் அவள் புதிய மொழி கற்கிறாள். காது கேளாத ஒரு சிறுவனோடு கைகளால் பேசவும் கற்கிறாள். ஆண்டர்சனின் கதை வாயை மூடியது, ரோஃபியின் கதை ஒன்றுக்கு மேற்பட்ட வாய்களைத் திறக்கிறது. ரிவர்ஸ் சாலமனின் ‘ஆழம்’ (2019), அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் எறியப்பட்ட கருவுற்ற ஆப்பிரிக்கப் பெண்களின் வழித்தோன்றல்களாக ஒரு நீர்வாழ் இனத்தைக் கற்பனை செய்கிறது. தன் இனத்தின் நினைவு முழுவதையும் ஒருத்தியே சுமக்க வேண்டியிருப்பது அந்நூலின் வேதனை. கொச்சியில் இதைப் படிப்போர் ஒன்றை மறக்கலாகாது: டச்சுக் கம்பெனியின் காலத்தில் இத்துறையிலிருந்தும் மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்கென இங்கு யாரும் ஒரு நீர்வாழ் இனத்தைக் கற்பனை செய்யவில்லை. அது எழுதப்படாத நாவல்.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: இன்பத்துக்காகப் படிக்கும் ஒருத்தியிடம் அளவுகோலை நீட்டுவது வாசிப்பைப் பாடமாக்கிவிடும். இது நியாயமான அச்சம். டிஸ்னியின் வழியாக வந்தவளை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அவள் உள்ளே வரட்டும். நீர் என்றதும் அவளுக்குள் எழும் ஆசை உண்மையானது. பீலிவளையையும் அவள் அந்த ஆசையோடுதான் சந்திக்க வேண்டும். இன்பம் தராத நூலைக் கடமைக்காகப் பரிந்துரைப்பவர் நல்ல பரிந்துரையாளர் அல்லர்.

இரண்டாவது: மணிமேகலையின் செய்யுள் இன்றைய மாணவருக்குக் கடினம், தமிழ் எழுத்தே அறியாதவருக்கு அது முழுதும் மூடிய கதவு. இம்மறுப்புக்குக் கல்விப்புலம்தான் பொறுப்பேற்க வேண்டும். மணிமேகலையைச் சமய நூலாகவும் தேர்வு வினாவாகவும் நடத்திப் பழகியவர்கள், அதைக் கடற்கதையாக உரைநடையில் எடுத்துச் சொல்லும் பணியைப் போதிய அளவில் செய்யவில்லை. எழுத்தறியாத காதுக்குத் தமிழ் மூடிய கதவன்று. வீட்டில் பேசும் மொழியில், ஒரு மாலைப்பொழுதில், சாதுவன் கதையைச் சொல்லிக் கேட்க எவருக்கும் எழுத்துக்கூட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லக் கேட்டவளுக்கு எழுத்தைக் கற்கும் விருப்பம் பின்னர் தானே வரலாம்.

ஆகவே, கடற்கன்னிக் கதை கேட்கும் மாணவருக்கு இனி இவ்வாறு ஒரு வரிசை தரலாம். முதலில் ஆண்டர்சன், டிஸ்னியின் திருத்தம் இல்லாத மூலக்கதை. அடுத்து, மணிமேகலை மணிபல்லவம் செல்லும் பகுதியும் சாதுவன், பீலிவளை ஆகிய கிளைக்கதைகளும், உரைநடையிலோ வாய்மொழியாகவோ. பின்னர் விபுலாநந்தரின் நீரரமகளிர். அதன்பின் ‘செம்மீன்’, கடலம்மையைக் கவனித்தபடி. அதனையொட்டி ‘ஆழி சூழ் உலகு’. இறுதியில் ரோஃபியும் சாலமனும். இவ்வரிசையில் எந்த நூலும் மற்றொன்றுக்குத் திருத்தமாக வைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததன் கதவைத் திறக்கிறது.

கொச்சியிலும் பிற துறைமுக நகரங்களிலும் உள்ள இலக்கியத் துறைகள் ஒரு பருவத்தின் விருப்பப்பாடமாக இவ்வரிசையைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு முன்பே, நெறியாளர் ஒருவர் தம் அறைக்கு வரும் அடுத்த மாணவியிடம் புன்னகைப்பதற்குப் பதிலாக, சாதுவனை நாகர் ஏன் கொல்லவில்லை தெரியுமா என்று கேட்டுத் தொடங்கலாம்.